வேலையை விட்ட பிறகும் பழைய கம்பெனி சம்பளம் போட்டதா? எடுத்துச் செலவு செய்யும் முன் இதைப் படிங்க

மாதக் கடைசி. புது கம்பெனியின் முதல் சம்பளம் வந்துவிட்டதாக போனில் எஸ்எம்எஸ். பத்து நிமிடத்தில் இன்னொரு எஸ்எம்எஸ். பார்த்தால், போன மாதமே விட்டுவிட்டு வந்த பழைய கம்பெனியும் வழக்கம்போல முழுச் சம்பளத்தையும் போட்டிருக்கிறது. ஐடி, பிபிஓ, மார்க்கெட்டிங், தொழிற்சாலை என எந்தத் துறையில் கேட்டாலும், இப்படி நடந்த ஒருவரையாவது தெரியும் என்பார்கள்.

உடனே நண்பர்கள் குரூப்பில் ஆலோசனைகள் குவியும். "அவங்க தப்பு, நம்ம தப்பு இல்லையே", "கேட்டா பார்த்துக்கலாம், கேக்கலைன்னா லாபம்", "மூணு வருஷம் சும்மா இருந்தா கேஸே போட முடியாது". மூன்றும் கேட்க நன்றாகத்தான் இருக்கின்றன. மூன்றுமே சட்டத்தின் முன் நிற்காது. அதே நேரத்தில், பயந்துபோய் கம்பெனி கேட்ட தொகையைக் கேள்வி கேட்காமல் அனுப்புவதும் புத்திசாலித்தனம் இல்லை. இரண்டுக்கும் நடுவே செய்ய வேண்டியது என்ன என்று பார்ப்போம்.

இது எப்படி நடக்கிறது?

நீங்கள் ராஜினாமா செய்தது உங்கள் மேலாளருக்குத் தெரியும், ஹெச்ஆருக்கும் தெரியும். ஆனால் சம்பளப் பட்டியலைத் தயாரிப்பது பல இடங்களில் வேறு ஒரு குழு, அல்லது வெளியே இருக்கும் ஒரு பேரோல் நிறுவனம். பல கம்பெனிகளில் மாதத்தின் 20 முதல் 25-ம் தேதிக்குள் பட்டியலைப் பூட்டிவிடுவார்கள். அதற்குள் உங்கள் கடைசி வேலை நாள் சிஸ்டத்தில் ஏறவில்லை என்றால், கணினியைப் பொறுத்தவரை நீங்கள் இன்னும் ஊழியர்தான். சம்பளம் தானாகப் போய்விடும்.

இன்னொரு வகையும் உண்டு. கணக்கு முடித்து ஃபைனல் செட்டில்மென்ட் தொகையை நிதிப் பிரிவு தனியாக அனுப்பியிருக்கும். அது தெரியாமல் பேரோல் பிரிவு வழக்கமான சம்பளத்தையும் அனுப்பியிருக்கும். ஒரே கடனை இரண்டு கைகள் அடைத்த கதை.

முதல் கேள்வி: இது உண்மையிலேயே தப்பாக வந்த பணமா?

அவசரப்பட்டு "பணம் தப்பா வந்திருக்கு" என்று மெயில் அனுப்பும் முன், சம்பள ரசீதை எடுத்துப் பாருங்கள். வேலையை விட்ட பிறகு நியாயமாகவே வரக்கூடிய பணம் நிறைய உண்டு. எடுக்காமல் விட்ட விடுப்புக்கான தொகை, நிலுவை போனஸ், இன்சென்டிவ், முன்தேதியிட்ட சம்பள உயர்வின் அரியர்ஸ், பயணச் செலவு ரீஇம்பர்ஸ்மென்ட், 5 ஆண்டு முடித்திருந்தால் கிராஜுவிட்டி. இவை எல்லாம் உங்களுக்குச் சேர வேண்டியவை.

ஒரு கற்பனைக் கணக்கு. நீங்கள் ஜூன் 18 வரை வேலை பார்த்தீர்கள். மாதாமாதம் கைக்கு வருவது ரூ.52,500. ஜூன் மாதத்துக்கு முழுச் சம்பளமும் வந்துவிட்டது. ஒரு நாளுக்கு ரூ.1,750. 18 நாளுக்கு ரூ.31,500 உங்களுடையது. 12 நாளுக்கான ரூ.21,000 கூடுதலாக வந்தது. ஆனால் உங்களுக்கு 10 நாள் விடுப்பு பாக்கி இருக்கிறது, அதை அடிப்படைச் சம்பளமான ரூ.30,000-ஐ வைத்துக் கணக்கிடுகிறார்கள் என்றால், ரூ.10,000 கம்பெனி உங்களுக்குத் தர வேண்டும். பிடித்தங்களை விட்டுவிட்டுத் தோராயமாகப் பார்த்தால், நீங்கள் திருப்பித் தர வேண்டியது ரூ.21,000 அல்ல, ரூ.11,000.

இந்தக் கணக்கை நீங்களே ஒருமுறை போட்டுவைப்பது முக்கியம். கம்பெனி அனுப்பும் கடிதத்தில் கூடுதலாக வந்த ரூ.21,000 தவறாமல் இருக்கும். உங்களுக்கு வர வேண்டிய ரூ.10,000 சில நேரம் இருக்காது.

"அவங்க தப்புதானே, நான் ஏன் தரணும்?"

இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872. அதன் 72-வது பிரிவு ஒரே வரியில் முடிந்துவிடும் பிரிவு. தவறுதலாகவோ, கட்டாயத்தினாலோ ஒருவருக்குப் பணம் கொடுக்கப்பட்டாலோ, பொருள் ஒப்படைக்கப்பட்டாலோ, பெற்றவர் அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். தவறு யாருடையது, கவனக்குறைவு யாருடையது என்று அந்தப் பிரிவு கேட்கவே இல்லை.

அந்தப் பிரிவிலேயே ஒரு உதாரணமும் இருக்கிறது. இருவர் சேர்ந்து மூன்றாமவருக்கு 100 ரூபாய் தர வேண்டும். ஒருவர் முழுத் தொகையையும் கொடுத்துவிடுகிறார். அது தெரியாமல் இன்னொருவரும் 100 ரூபாய் கொடுக்கிறார். இரண்டாவதாக வந்த 100 ரூபாயை வாங்கியவர் திருப்பித் தர வேண்டும். 150 ஆண்டுகளுக்கு முன் எழுதிய இந்த உதாரணம், நிதிப் பிரிவும் பேரோல் பிரிவும் தனித்தனியாகப் பணம் அனுப்பும் இன்றைய குழப்பத்துக்கு அப்படியே பொருந்துகிறது.

உலக அளவில் பேசப்பட்ட ஒரு வழக்கும் இருக்கிறது. 2020 ஆகஸ்டில் அமெரிக்காவின் சிட்டிபேங்க், ரெவ்லான் நிறுவனத்துக்குக் கடன் கொடுத்தவர்களுக்கு வட்டி மட்டும் அனுப்ப வேண்டிய இடத்தில், தவறுதலாகச் சுமார் 90 கோடி டாலரை அனுப்பிவிட்டது. பலர் திருப்பிக் கொடுத்தார்கள். சிலர் சுமார் 50 கோடி டாலரைத் தர மறுத்தார்கள். அவர்களுக்கு உண்மையிலேயே அந்தக் கடன் பாக்கி இருந்தது, அதனால் வைத்துக்கொள்ளலாம் என்று 2021-ல் கீழமை நீதிமன்றம் சொன்னது. 2022 செப்டம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. கடன் பாக்கி இருந்தவர்களின் நிலையே இப்படி என்றால், வேலையே பார்க்காத மாதத்தின் சம்பளத்துக்கு என்ன வாதம் வைக்க முடியும்?

"மூணு வருஷம் கழிச்சு கேஸ் போட முடியாதே?"

பாதி உண்மை. இப்படிப்பட்ட பணத்தைக் கேட்டு உரிமையியல் வழக்கு போட காலவரையறைச் சட்டம், 1963 பொதுவாக 3 ஆண்டு தருகிறது. ஆனால் அதே சட்டத்தின் 17-வது பிரிவு, தவறு சம்பந்தப்பட்ட விஷயங்களில் அந்தத் தவறு கண்டுபிடிக்கப்பட்ட நாளிலிருந்து, அல்லது நியாயமான கவனத்தோடு இருந்திருந்தால் கண்டுபிடித்திருக்கக்கூடிய நாளிலிருந்துதான் காலம் ஓடத் தொடங்கும் என்கிறது. ஆண்டு தணிக்கையில் ஆடிட்டர் கண்டுபிடித்தால், அன்றுதான் கடிகாரம் ஓடத் தொடங்கியது என்று கம்பெனி வாதாட இடம் இருக்கிறது. எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருப்பவருக்கு இது பாதுகாப்பான கணக்கு அல்ல.

போலீஸ் கேஸ் ஆகுமா?

பணம் தப்பாக வந்தது மட்டுமே குற்றம் ஆகாது. கணக்கில் சில ஆயிரம் வித்தியாசம் என்று இரு தரப்பும் வாதாடுவதும் குற்றம் ஆகாது. அது உரிமையியல் தகராறு.

ஆனால் பணம் தன்னுடையது அல்ல என்று தெரிந்த பிறகும், நேர்மையற்ற நோக்கத்தோடு அதைத் தனதாக்கிக்கொண்டால் நிலைமை மாறும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 314-வது பிரிவு இதைத்தான் பேசுகிறது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் இது 403-வது பிரிவு. பழைய சட்டத்தில் அபராதத்தோடு முடிந்துவிட வாய்ப்பு இருந்தது. புதிய சட்டத்தில் குறைந்தபட்சம் 6 மாதம், அதிகபட்சம் 2 ஆண்டு சிறை, கூடவே அபராதம்.

இங்கே எல்லாம் "தெரிந்த பிறகு என்ன செய்தீர்கள்" என்பதில்தான் நிற்கிறது. வந்த உடனே கம்பெனிக்கு மெயில் போட்டவரின் நேர்மையைக் கேள்வி கேட்பது கடினம். மூன்று மெயிலுக்குப் பதில் சொல்லாமல், நம்பரை பிளாக் செய்துவிட்டுப் பணத்தை வேறு கணக்குக்கு மாற்றியவருக்கு அந்த வசதி இருக்காது.

பணத்தைவிடப் பெரிய சிக்கல்: பிஎஃப், வரி

நண்பர்கள் குரூப்பில் யாரும் சொல்லாத பகுதி இது. கம்பெனி உங்களுக்குச் சம்பளம் போட்டது என்றால், பெரும்பாலும் அதோடு சேர்த்து பிஎஃப் பிடித்து இபிஎஃப்ஓ-வில் கட்டியிருக்கும், டிடிஎஸ் பிடித்து வருமான வரித் துறைக்கும் கட்டியிருக்கும்.

பிஎஃப் பக்கம் பாருங்கள். உங்கள் யுஏஎன் கணக்கில் ஜூலை மாதத்துக்குப் பழைய கம்பெனியும் பணம் கட்டியிருக்கிறது, புது கம்பெனியும் கட்டியிருக்கிறது. பதிவேட்டின்படி நீங்கள் ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் வேலை பார்த்தவர். பின்னணிச் சரிபார்ப்பில் யுஏஎன் விவரத்தைப் பார்க்கும் கம்பெனிகள் இருக்கின்றன. 'மூன்லைட்டிங்' சந்தேகம் எழ இது போதும். பழைய பிஎஃப்-ஐப் புதிய கணக்குக்கு மாற்ற விண்ணப்பிக்கும்போதும் தேதிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறுவது தடையாகலாம். வேலையிலிருந்து விலகிய தேதியைக் கம்பெனி பதிவு செய்யாவிட்டால் உறுப்பினரே போர்டலில் பதிவு செய்யும் வசதி உண்டு. ஆனால் கடைசியாகப் பணம் கட்டப்பட்ட மாதத்திலிருந்து 2 மாதம் கழித்துத்தான் அதைச் செய்ய முடியும். தப்பாக ஒரு மாதம் கட்டினால் அந்தக் கணக்கும் தள்ளிப்போகும்.

வரிப் பக்கம். தப்பாக வந்த சம்பளம் உங்கள் வருமானமாக ஏஐஎஸ் அறிக்கையில் ஏறும். சம்பளத்துக்கான டிடிஎஸ் சான்றிதழிலும், அதாவது நமக்குப் பழகிய ஃபார்ம் 16-லும், அது சேர்ந்துவிடும். அதே நிதியாண்டுக்குள் பணத்தைத் திருப்பிவிட்டால், கம்பெனி தன் டிடிஎஸ் கணக்கைத் திருத்துவது ஒப்பீட்டளவில் எளிது. மார்ச்சில் வந்த பணத்தை மே மாதம் திருப்பினால் இரண்டு நிதியாண்டுகள் சம்பந்தப்பட்டுவிடும். கையில் இல்லாத வருமானத்துக்கு ரிட்டர்னில் விளக்கம் சொல்லும் வேலை உங்கள் தலையில் விழும்.

ஆகவே சீக்கிரம் சொல்வதில் கம்பெனிக்கு இருக்கும் லாபத்தைவிட உங்களுக்கு இருக்கும் லாபம் அதிகம்.

வங்கியே பணத்தை எடுத்துவிடுமா?

வங்கியின் சொந்தத் தவறால் ஒரே தொகை இரண்டு முறை ஏறியிருந்தால், வங்கியே அதைச் சரிசெய்யும். ஆனால் கம்பெனி தானே உங்கள் கணக்கு எண்ணைக் கொடுத்து அனுப்பிய பணம் என்றால் கதை வேறு. கம்பெனியின் வங்கி திரும்பக் கேட்டு உங்கள் வங்கிக்குத் தகவல் அனுப்பும். உங்கள் வங்கி பொதுவாக உங்கள் சம்மதத்தைக் கேட்கும். அப்படி ஒரு மெயிலோ அழைப்போ வந்தால் அலட்சியம் செய்யாதீர்கள். கணக்கை நீங்கள் ஏற்கெனவே போட்டு வைத்திருந்தால், எந்தத் தொகைக்குச் சம்மதம் என்று தெளிவாகச் சொல்லலாம்.

என்ன செய்ய வேண்டும்?

1. அந்தப் பணத்தைத் தொடாதீர்கள். அந்தக் கணக்கிலிருந்து இஎம்ஐ, எஸ்ஐபி, கிரெடிட் கார்டு தொகை தானாகப் போகும்படி இருந்தால், கூடுதல் தொகையைத் தனியாக ஒதுக்கி வையுங்கள். "நான் செலவு பண்ணலை, ஆட்டோ டெபிட்தான் எடுத்துச்சு" என்பது பதில் ஆகாது.

2. ஒரு வாரத்துக்குள் எழுத்தில் சொல்லுங்கள். ஹெச்ஆர், பேரோல் இரண்டு முகவரிக்கும் மெயில். பழைய ஆபீஸ் மெயில் மூடப்பட்டிருக்கும், ஆகவே சொந்த மெயிலிலிருந்து அனுப்புங்கள். எழுத வேண்டியது நான்கே விஷயம்: ஊழியர் எண், கடைசி வேலை நாள், எந்தத் தேதியில் எவ்வளவு வந்தது, சரியான கணக்கை அனுப்பினால் திருப்பத் தயார் என்பது. மன்னிப்புக் கேட்கத் தேவையில்லை. தவறு உங்களுடையது அல்ல.

3. கணக்கு விவரம் கேளுங்கள். எத்தனை நாளுக்கு எவ்வளவு, விடுப்புத் தொகை கழிக்கப்பட்டதா, நோட்டீஸ் காலப் பிடித்தம் ஏதாவது இருக்கிறதா என்று வரி வரியாக வர வேண்டும்.

4. கைக்கு வந்த தொகையா, மொத்தச் சம்பளமா என்று பாருங்கள். உங்கள் கணக்குக்கு வந்தது ரூ.52,500 என்றால், பிஎஃப், டிடிஎஸ் சேர்த்து ரூ.60,000 கேட்பார்களானால், அந்த வித்தியாசம் உங்களுக்கு எப்படித் திரும்ப வரும் என்று எழுத்தில் கேளுங்கள். பதில் வரும் வரை கைக்கு வந்ததில் தகராறு இல்லாத பகுதியை மட்டும் அனுப்பலாம்.

5. கம்பெனியின் கணக்குக்கு மட்டுமே அனுப்புங்கள். இது மிக முக்கியம். "உங்க அக்கவுன்ட்ல தப்பா பணம் வந்திருக்கு, இந்த யுபிஐ-க்கு அனுப்புங்க" என்று போனில் கேட்பது சைபர் மோசடிக்காரர்களின் பழைய வித்தை. முன்னாள் மேலாளரே கேட்டாலும் தனிநபர் எண்ணுக்கு அனுப்பாதீர்கள். கம்பெனியின் அதிகாரபூர்வ மெயிலில் வங்கிக் கணக்கு விவரம் வந்த பிறகு, நீங்கள் ஏற்கெனவே அறிந்த எண்ணில் கூப்பிட்டு உறுதிசெய்துவிட்டு அனுப்புங்கள். ஏமாந்துவிட்டால் உடனே 1930 என்ற எண்ணுக்குப் புகார் சொல்லுங்கள்.

6. ரசீது வாங்குங்கள். "தொகை பெறப்பட்டது, பாக்கி எதுவும் இல்லை" என்ற கடிதம். கூடவே டிடிஎஸ் திருத்தம், பிஎஃப் விலகல் தேதித் திருத்தம் இரண்டையும் எப்போது முடிப்பார்கள் என்ற பதில். ஓரிரு மாதம் கழித்து ஏஐஎஸ், பிஎஃப் பாஸ்புக் இரண்டையும் நீங்களே திறந்து சரிபாருங்கள்.

ஏற்கெனவே செலவாகிவிட்டால்?

நடக்கக்கூடியதுதான். செட்டில்மென்ட் பணம் என்று நினைத்து வீட்டு அட்வான்ஸ் கொடுத்திருப்பீர்கள். செலவாகிவிட்டது என்பதால் கடமை போய்விடாது. ஆனால் தவணையில் தருகிறேன் என்று கேட்பதில் தவறில்லை. மாதம் எவ்வளவு, எத்தனை மாதம் என்று நீங்களே எழுதிக் கேளுங்கள். முதல் தவணையை அந்த மெயிலோடு சேர்த்தே அனுப்பினால் உங்கள் நோக்கம் கேள்விக்கு இடமில்லாமல் தெரியும். வெற்றுக் காசோலையில் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள்.

அரசு ஊழியர்களுக்கு விதி வேறா?

"அதிகமா கொடுத்த சம்பளத்தைத் திருப்பிக் கேக்கக் கூடாதுன்னு சுப்ரீம் கோர்ட்டே சொல்லியிருக்கே" என்று சிலர் சொல்வார்கள். அவர்கள் சொல்வது 2014-ல் வந்த பஞ்சாப் அரசு எதிர் ரஃபீக் மசீஹ் தீர்ப்பு. ஊதிய நிர்ணயத்தில் நிர்வாகம் செய்த தவறால் அதிகம் பெற்ற மூன்றாம், நான்காம் பிரிவு அரசு ஊழியர்கள், ஓய்வு பெற்றவர்கள், ஓராண்டுக்குள் ஓய்வு பெறுபவர்கள், 5 ஆண்டுக்கும் மேலாகக் கூடுதல் தொகை பெற்றவர்கள் போன்றோரிடம் வசூலிப்பது கடுமையானது என்று அதில் நீதிமன்றம் சொன்னது. 2016-ல் ஜக்தேவ் சிங் வழக்கில், கூடுதலாக வந்தால் திருப்பித் தருவேன் என்று எழுதிக் கொடுத்தவர் அதற்குக் கட்டுப்பட்டவர் என்றும் சொன்னது. பணியில் இருந்தபோது ஆண்டுக்கணக்கில் நல்லெண்ணத்தோடு வாங்கிய ஊதியம் பற்றிய தீர்ப்பு அது. தனியார் கம்பெனியை விட்டு வந்த அடுத்த மாதம் விழுந்த சம்பளத்துக்கு அதைக் கேடயமாக்க முடியாது.

கம்பெனிகள் கேட்க வேண்டியதும் இருக்கிறது

திருப்பித் தர வேண்டும் என்று ஊழியருக்குச் சொல்வது எளிது. ஆனால் அந்த ஊழியரின் எரிச்சலுக்கும் காரணம் இருக்கிறது. தனக்கு வர வேண்டிய செட்டில்மென்ட் தொகைக்காக 45 நாள், 60 நாள் என்று மெயில் மேல் மெயில் போட்டவர் அவர். இப்போது கம்பெனிக்கு வர வேண்டியது என்றதும் "48 மணி நேரத்தில் கட்டு, இல்லாவிட்டால் சட்ட நடவடிக்கை" என்று நோட்டீஸ் வருகிறது. 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்த ஊதியச் சட்டத்தொகுப்பின்படி, ராஜினாமா செய்தவருக்கும் 2 வேலை நாளுக்குள் ஊதியத்தைக் கொடுத்து முடிக்க வேண்டும். அதைச் செய்யாத கம்பெனிக்கு 48 மணி நேரக் கெடு விதிக்கும் தார்மீக உரிமை குறைவுதான்.

கூடுதலாகக் கொடுத்த ஊதியத்தைச் சம்பளத்திலிருந்து பிடிக்க சட்டம் அனுமதிக்கிறது, உண்மை. பழைய ஊதியப் பட்டுவாடாச் சட்டத்திலும் அது இருந்தது, புதிய தொகுப்பிலும் இருக்கிறது. ஆனால் விலகிப் போனவருக்குச் சம்பளம் கிடையாது, பிடிக்க எதுவும் இல்லை. அந்த நிலையில் சில நிறுவனங்கள் கையில் எடுப்பது ரிலீவிங் லெட்டரையும் அனுபவச் சான்றிதழையும். பார்த்து முடித்த வேலைக்கான சான்றிதழை, அந்த நிறுவனமே செய்த கணக்குப் பிழைக்குப் பிணையாக வைப்பது நியாயமே இல்லை. புது வேலையில் சேர்ந்தவரின் வாழ்க்கையோடு விளையாடுவது அது.

நிறுவனங்கள் செய்ய வேண்டியது எளிமையானது. தவறு எங்களுடையது என்ற ஒரு வரியோடு மெயில் தொடங்கட்டும். கணக்கு முழுமையாக இருக்கட்டும், ஊழியருக்கு வர வேண்டியதைக் கழித்த பிறகே தொகை கேட்கட்டும். வட்டி கேட்க வேண்டாம். தவணை கேட்டால் கொடுக்கட்டும். பிஎஃப், வரித் திருத்தங்களைத் தங்கள் பொறுப்பில் முடித்துக் கொடுக்கட்டும். ஊழியரின் கடைசி வேலை நாள் ஹெச்ஆர் சிஸ்டத்தில் ஏறிய அன்றே பேரோலிலும் ஏறும்படி செய்துவிட்டால் இந்தப் பஞ்சாயத்தே கிடையாது.

ஊழியர் பக்கம், பணம் வந்த அன்றே ஒரு மெயில் போதும். பதில் வரவில்லையா? பத்து நாள் கழித்து அதே மெயிலுக்குக் கீழே இன்னொன்று. அடுத்த மாதமும் சம்பளம் விழுந்தால் மறுபடியும் அதே மெயிலில் தெரிவியுங்கள், தொகையைத் தனியாகவே வைத்திருங்கள். இரண்டு மூன்று மாதச் சம்பளம் சேர்ந்து மொத்தமாகத் திருப்பிக் கேட்கும் நாள் வந்தால், உங்கள் கையில் பணமும் இருக்கும், தேதி போட்ட ஆதாரமும் இருக்கும்.